அமெரிக்க மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் இளநிலைக் கல்லூரியின் பெயருக்கு என்ன எடை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை மருத்துவராக விரும்பினால், மார்ச் மாதக் கடைசியில் அந்த வீட்டில் பெரும்பாலும் இந்தப் பேச்சுதான் நடக்கும். ஒரு கையில் ஊரே அறிந்த தனியார் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் இருக்கும்; மறு கையில் கட்டணச் சலுகையோடு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடிதம் இருக்கும். மே 1-ஆம் தேதிக்குள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இந்தப் பக்கத்தில் கல்லூரி என்று வருமிடமெல்லாம் நான்காண்டு இளநிலைப் படிப்பையும், மருத்துவக் கல்லூரி என்று வருமிடமெல்லாம் அதன்பின் வரும் எம்.டி. அல்லது டி.ஓ. படிப்பையும் குறிக்கும். இவை இரண்டுமே அமெரிக்காவில் மருத்துவராவதற்கான பட்டங்கள்.

கல்லூரியின் பெயர் முக்கியமா, இல்லையா?

ஓரளவுக்கு முக்கியம்தான். ஆனால் பெற்றோர் எண்ணும் அளவில் கால் பங்குகூட இருக்காது என்பது என் கணிப்பு. பெயரை விட, அந்தக் கல்லூரியில் படிக்கும் நான்கு ஆண்டுகளில் உங்கள் பிள்ளையின் மதிப்பெண், உறக்கம், தன்னம்பிக்கை, குடும்பத்தின் சேமிப்பு ஆகியவை என்னவாகின்றன என்பதே சேர்க்கையைத் தீர்மானிக்கிறது.

எங்கள் ஊரில் கல்லூரியின் பெயர்தானே எல்லாம்? இங்கே ஏன் அப்படியில்லை?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேரே எம்.பி.பி.எஸ். சேர்கிறோம். அங்கே எந்தக் கல்லூரி என்ற கேள்வி மருத்துவக் கல்லூரியையே குறிக்கிறது. அந்தப் பெயர் பலகை வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு என்பது பட்டப்படிப்புக்குப் பிந்தைய படிப்பு. இளநிலைக் கல்லூரி இங்கே ஒரு நீண்ட தகுதிச் சுற்று மட்டுமே. அதை எம்.எம்.சி.யோடும் ஸ்டான்லியோடும் மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயர் எப்படிப் பதிவாகிறது? கடினமான கல்லூரிக்குக் கூடுதல் மதிப்பு உண்டா?

பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு அம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகவும், டி.ஓ. கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ் வழியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். டெக்சஸ் மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு மட்டும் தனி விண்ணப்பம் இருக்கிறது. நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தையும் அம்காஸ் மதிப்பெண் பட்டியலோடு சரிபார்த்து, 4.0 அளவில் இரண்டு முக்கியமான சராசரிகளைக் கணக்கிடும்: ஒன்று மொத்த ஜி.பி.ஏ.; மற்றொன்று உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கை மட்டும் சேர்த்த அறிவியல் ஜி.பி.ஏ. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கினாலும் முதல் முயற்சி அழிவதில்லை. இரண்டும் கணக்கில் சேரும். ஏ பிளஸ் வாங்கினாலும் 4.0 தான்.

இந்தக் கணக்கில் கல்லூரியைப் பொறுத்த பெருக்கல் எண் எதுவும் கிடையாது. பிரின்ஸ்டனில் வாங்கிய பி பிளஸ்ஸும் பெயர் தெரியாத மாநிலக் கல்லூரியில் வாங்கிய பி பிளஸ்ஸும் ஒரே எண்ணாகத்தான் மாறுகின்றன. கல்லூரியின் பெயர் விண்ணப்பத்தில் தெரியும். படிப்பவர் அதற்கு மதிப்புக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். ஆனால் மருத்துவக் கல்லூரி முதல் வடிகட்டலுக்கு எண்களைப் பயன்படுத்தினால், அந்த நிலையில் பெயர் பேசுவதற்கு வாய்ப்புக் குறைவு.

சேர்க்கைக் குழுக்கள் இதைப்பற்றி என்ன சொல்லியிருக்கின்றன?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி., எந்தெந்தக் காரணிக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள் என்று சேர்க்கை அலுவலகங்களிடம் கேட்டு வெளியிட்டிருக்கிறது. அறிவியல் ஜி.பி.ஏ., மொத்த ஜி.பி.ஏ., மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண், காலப்போக்கில் மதிப்பெண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பவை மேல் வரிசையில் இருந்தன. இளநிலைக் கல்லூரியில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது இவற்றுக்குக் கீழேதான் வந்தது. தனியார் மருத்துவக் கல்லூரிகள் அதற்கு ஓரளவு மதிப்புக் கொடுத்தன. அரசு மருத்துவக் கல்லூரிகள் அதைவிடக் குறைவாகவே கொடுத்தன. உங்கள் பிள்ளை தன் மாநில அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்வதை நோக்கமாகக் கொண்டிருந்தால், இந்த வேறுபாட்டை மனத்தில் வைப்பது நல்லது.

பெரிய கல்லூரியில் 3.5 என்பது சிறிய கல்லூரியில் 3.9-க்குச் சமம் என்கிறார்களே?

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாக்களில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. இதை நம்பிப் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் மூன்றாம் ஆண்டில் வருந்துவார்கள்.

முதலில் எண்களைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் எம்.டி. கல்லூரிகளுக்கு 52,577 பேர் விண்ணப்பித்தார்கள். 22,981 பேர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.77, சராசரி எம்கேட் 511.7. இது நாடு முழுவதற்குமான சராசரி, ஏதோ முதல் பத்துக் கல்லூரிகளின் கணக்கு என்று எண்ண வேண்டாம். 3.5 என்பது கதவை மூடிவிடும் எண் இல்லையென்றாலும், அதோடு வருபவர் மற்ற எல்லாவற்றிலும் விளக்கம் சொல்லியே முன்னேற வேண்டியிருக்கும்.

அடுத்து, பெரிய கல்லூரி என்றால் கடினமாக மதிப்பெண் போடுவார்கள் என்பதே எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. பிரின்ஸ்டன் 2004-இல் ஏ வரிசை மதிப்பெண்கள் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் இலக்கு வைத்தது. மாணவர்களின் மனக்குறை பத்தாண்டுகள் தொடர்ந்தபின் 2014-இல் அதைக் கைவிட்டது. இதற்கு நேர்மாறாக, ஹார்வர்டில் நடுமதிப்பெண் ஏ மைனஸ், மிக அதிகமாக வழங்கப்படும் மதிப்பெண் ஏ என்று அதன் நிர்வாகமே 2013-இல் ஒப்புக்கொண்டது. ஆகவே கேட்க வேண்டியது, அந்தக் குறிப்பிட்ட கல்லூரியில் முதலாண்டு வேதியியலும் இரண்டாமாண்டு கரிம வேதியியலும் எப்படி மதிப்பிடப்படுகின்றன என்பதே. வகுப்புச் சராசரி பி மைனஸில் நிற்கும்படி வளைவு வைக்கும், அதாவது மாணவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மதிப்பெண் பிரிக்கும், துறைகள் உண்டு. எல்லாருமே பள்ளியில் முதலிடம் பிடித்தவர்களாக இருக்கும் வகுப்பில் அந்த வளைவின் மேற்பாதியில் நிற்பது லேசான காரியமில்லை.

மேலும், கல்லூரிகளுக்கு இடையிலான இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வதற்கென்றே எம்கேட் இருக்கிறது. 472 முதல் 528 வரையிலான அளவில், நான்கு பகுதிகளாக, இடைவேளைகளையும் சேர்த்து ஏழரை மணி நேரம் நடக்கும் இந்தத் தேர்வை நாடு முழுவதும் எல்லாரும் ஒரே முறையில் எழுதுகிறார்கள். சிறிய கல்லூரியில் 3.9 வாங்கியவர் எம்கேட்டில் 517 எடுத்தால், அந்த 3.9 உண்மையானதா என்ற ஐயத்துக்கு இடமே இல்லாமல் போய்விடும். பெரிய கல்லூரியில் 3.5 வாங்கியவரும் 517 எடுக்கலாம். ஆனால் அப்போது அறிவு இருந்தும் மூன்றாண்டுகள் ஏன் படிக்கவில்லை என்ற வேறொரு கேள்வி எழும்.

எங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்த கல்லூரி, தன் மாணவர்களில் 90 விழுக்காட்டினர் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள் என்கிறது. நம்பலாமா?

அந்த எண் பொய்யாக இருக்காது. ஆனால் வகுத்தலில் கீழே இருக்கும் எண் எது என்று கேளுங்கள். முதலாண்டில் பிரீமெட் (மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் மாணவர்) என்று சொல்லிக்கொண்டு வந்த அத்தனை பேரா, அல்லது நான்காண்டுகளுக்குப் பிறகு உண்மையில் விண்ணப்பித்தவர்கள் மட்டுமா? பெரும்பாலும் இரண்டாவதுதான். கரிம வேதியியலில் சி வாங்கி வழி மாறிப் போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. சில கல்லூரிகளில் மருத்துவத் துறைக்கான ஆலோசனைக் குழு ஒன்று, தனித்தனிப் பேராசிரியர்களின் பரிந்துரைகளைத் தொகுத்து, கல்லூரியின் சார்பில் குழுக் கடிதம் எழுதும். நல்ல குழுக் கடிதம் பெரிய துணைதான். ஆனால் ஜி.பி.ஏ. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்தக் கடிதத்தைத் தர மறுக்கும் குழுக்களும், இந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம் என்று பலமாக அறிவுறுத்தும் குழுக்களும் இருக்கின்றன. கடிதம் கிடைக்காதவர் விண்ணப்பிக்கத் தயங்குவார். அவர் விலகிக்கொண்டதும் கல்லூரியின் வெற்றி விழுக்காடு ஏறும். பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளை நிறுத்தி வைக்கும் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது இந்த மூன்றைக் கேளுங்கள்: குழுக் கடிதத்துக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. உண்டா? 3.4-க்கும் 3.6-க்கும் இடைப்பட்ட உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? படிப்பை முடித்து ஓராண்டு இரண்டாண்டு கழித்து விண்ணப்பிக்கும் பழைய மாணவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டம் பெற்றபின் ஓர் ஆண்டாவது இடைவெளி விட்டே சேர்கிறார்கள்.

அப்படியானால் பெரிய பெயரால் எந்தப் பயனும் இல்லையா?

உண்டு, அதை மறைப்பதும் சரியில்லை. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகிய பொருளியலாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்கள் எட்டு அடங்கிய ஐவி லீகையும் அதற்கு இணையான சில பல்கலைக்கழகங்களையும் சிறந்த மாநிலப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டார்கள். முன்னவற்றில் படிப்பது, உயர்மதிப்புப் பெற்ற மேற்படிப்பு நிறுவனங்களில் சேரும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதாகக் கண்டார்கள். அந்த ஆய்வு மருத்துவத்துக்கென்று நடத்தப்பட்டதன்று. எனினும் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற ஆய்வுக்குப் பேர்போன மருத்துவக் கல்லூரிகளைக் குறிவைப்பவருக்குப் பெரிய பெயர் ஓரளவு கைகொடுக்கும் என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். மருத்துவராவது ஒரு குறிக்கோள், இன்ன மருத்துவக் கல்லூரியில் மருத்துவராவது வேறொரு குறிக்கோள். இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த விவாதம் முடிவே இல்லாமல் நீள்கிறது.

பெயரோடு சேர்ந்து வரும் வசதிகளும் உண்டு. வளாகத்துக்குப் பக்கத்திலேயே பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கும். முதலாண்டு மாணவரையும் சேர்த்துக்கொள்ளும் ஆய்வகங்கள் இருக்கும். கோடைக்கால ஆய்வுக்கு உதவித்தொகை கிடைக்கும். ஆனால் இவை பெரிய பெயருக்கு மட்டுமே உரியவை அல்ல. மருத்துவமனை இணைந்த மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் இவை அத்தனையும் உண்டு.

சிறிய கல்லூரியிலிருந்து மேலே வந்தவர்கள் உண்மையில் இருக்கிறார்களா?

நியூ ஆர்லியன்ஸில் உள்ள லூசியானா சேவியர் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். கறுப்பின மாணவர்களுக்காகக் கத்தோலிக்கத் துறவியரால் தொடங்கப்பட்ட சிறிய நிறுவனம் அது. பணவசதியிலோ தரவரிசையிலோ ஐவி லீகின் பக்கத்தில்கூட வராது. ஆயினும் மருத்துவப் பட்டம் பெறும் கறுப்பின மாணவர்களை உருவாக்குவதில் பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. அங்கே அறிவியல் ஆசிரியர்கள் முதலாண்டிலிருந்தே மாணவர்களைக் குழுக்களாகப் படிக்கவைத்து, அடிக்கடி சிறுதேர்வு நடத்தி, பின்தங்குபவரைப் பயிற்சிக்கு இழுத்துவந்து, விண்ணப்பத்தின் ஒவ்வொரு படியிலும் கூடவே நடக்கிறார்கள். பலவீனமான மாணவரை வடிகட்டி வெளியேற்றாமல் கரையேற்றப் பார்க்கும் முறை அது. 2009 முதல் 2013 வரை அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது பொதுச் சுகாதாரத்துக்கான தலைமை மருத்துவராக, இருந்த ரெஜினா பெஞ்சமின் அங்கே படித்தவர்தான்.

என்னைக் கேட்டால், கல்லூரியின் தரவரிசையைவிட இந்தக் குணம் அதற்கு இருக்கிறதா என்பதைத்தான் விசாரிப்பேன்.

பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் கூட்டத்தில் காணாமல் போய்விட மாட்டானா?

போக வாய்ப்புண்டு. எம்.டி. கல்லூரிகளுக்கு மிக அதிக விண்ணப்பதாரர்களை அனுப்பும் இடங்களின் பட்டியலில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் தொடர்ந்து முன்னிலையில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். ஃபுளோரிடா, டெக்சஸ் ஆஸ்டின், மிச்சிகன் ஆகிய மாநிலப் பல்கலைக்கழகங்களும் அதே வரிசையில் இருக்கின்றன. முந்நூறு பேர் அமரும் விரிவுரைக் கூடத்தில் பேராசிரியருக்கு முகம் தெரியாது. முகம் தெரியாதவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் உயிர் இருக்காது. ஆலோசகர்களோ தொலைவிலேயே இருப்பார்கள். நாமாகத் தேடிப் போனால்தான் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. ஆனர்ஸ் பிரிவில் சேர்ந்தால் வகுப்புகள் சிறியவையாக இருக்கும். பேராசிரியரின் அலுவலக நேரத்தில் வாரம் ஒருமுறை போய் உட்காரும் மாணவரை எந்தப் பேராசிரியரும் மறப்பதில்லை. நம் பிள்ளைகளில் பலர் கூச்சத்தால் இதைச் செய்வதில்லை. "தொந்தரவு செய்யக் கூடாது" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்ததும் அதற்கு ஒரு காரணம்.

கல்லூரியைவிட நாங்கள் கவனிக்கத் தவறுவது எது?

எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்பதை. அரசு மருத்துவக் கல்லூரிகள் தங்கள் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தருகின்றன. டெக்சஸில் அரசு நிதி பெறும் மருத்துவக் கல்லூரிகளின் முதலாண்டு இடங்களில் குறைந்தது 90 விழுக்காடு அம்மாநிலத்தவருக்கே உரியது. வட கரோலினாவில் உள்ள பிராடி மருத்துவக் கல்லூரி தன் மாநிலத்தவரை மட்டுமே சேர்க்கிறது. கலிஃபோர்னியாவிலோ இடங்களைவிட விண்ணப்பதாரர்கள் பல மடங்கு அதிகம் என்பதால், அங்கே வளர்ந்த நல்ல மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளிமாநிலம் போகிறார்கள். வேலை மாற்றத்துக்காக டாலஸுக்கும் சான் ஹோசேக்கும் இடையே முடிவெடுக்கும் குடும்பம், அறியாமலேயே பிள்ளையின் மருத்துவச் சேர்க்கை வாய்ப்பையும் மாற்றிவிடுகிறது.

சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு மாறினால் குறையாகப் பார்ப்பார்களா?

சில மருத்துவக் கல்லூரிகள் அடிப்படை அறிவியல் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் படித்திருப்பதையே விரும்புகின்றன; பல கல்லூரிகள் பொருட்படுத்துவதில்லை. ஏ.ஏ.எம்.சி.யின் எம்.எஸ்.ஏ.ஆர். தரவுத்தளத்தில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியின் விதியும் இருக்கிறது. மாறிய பிறகு உயர்நிலை உயிரியலிலும் உயிர்வேதியியலிலும் ஏ வாங்கிக் காட்டினால் ஐயம் தீர்ந்துவிடும்.

எந்தப் பாடத்தை மேஜராக எடுக்க வேண்டும்?

எதையும் எடுக்கலாம். பிரீமெட் என்பது பெரும்பாலான இடங்களில் பட்டத்தின் பெயர் அன்று. படித்து முடிக்க வேண்டிய பாடங்களின் பட்டியல். அமெரிக்காவின் பெயர்பெற்ற தொற்றுநோய் மருத்துவர் அந்தோணி ஃபௌச்சி ஹோலி கிராஸ் என்ற சிறிய கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் அடங்கிய செவ்வியல் பாடத்தில் பட்டம் பெற்றே 1962-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

பி.எஸ்.-எம்.டி. திட்டத்தில் சேர்ந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லையே?

பள்ளி முடிக்கும்போதே மருத்துவ இடத்தையும் உறுதிசெய்யும் இத்திட்டங்கள்மேல் இந்தியக் குடும்பங்களுக்கு இருக்கும் ஈர்ப்பு புரிந்துகொள்ளக் கூடியதே. நாம் அறிந்த முறைக்கு மிக நெருக்கமாக இருப்பது இதுதான். பிரவுனின் எட்டாண்டுத் திட்டமும், மிசூரி கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஆறாண்டுத் திட்டமும் பலரும் அறிந்தவை. இடங்கள் மிகக் குறைவு. பல திட்டங்களில் குறிப்பிட்ட ஜி.பி.ஏ.யைக் காக்க வேண்டும், சிலவற்றில் எம்கேட்டும் எழுத வேண்டும். பதினேழு வயதில் பிள்ளைக்கு இதில் உண்மையான விருப்பம் இருந்தால் முயலலாம். விருப்பம் பெற்றோருடையது மட்டும் என்றால், நான்காண்டுகள் என்ற இடைவெளி இருப்பதே நல்லது.

பெரிய கல்லூரிக்கு ஆகும் கூடுதல் செலவு தகுமா?

முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தங்குமிடம், உணவு உட்பட ஓராண்டுக்கான முழுச் செலவு இப்போது 90,000 டாலரைத் தொட்டுவிட்டது. வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை தருவார்கள் என்றாலும், கணவன் மனைவி இருவரும் மென்பொருள் துறையில் இருக்கும் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் எட்டாது. நான்காண்டுகளில் மூன்றரை லட்சம் டாலர் போனபின் மருத்துவக் கல்லூரி தொடங்குகிறது. அங்கே கடன் வாங்கிப் படித்து முடிப்பவர்களின் நடுக்கடன் ஏறத்தாழ 2,00,000 டாலர். 2025-இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கிவிட்டது: 2026 ஜூலை முதல் புதிய மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக்கான கூட்டாட்சிக் கடன் கிடையாது, மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கான கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்படுவதைக் குடும்பமோ தனியார் வங்கியோதான் தர வேண்டும்.

நியூயார்க் பல்கலைக்கழகம் 2018-இலும், ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி 2024-இலும் கல்விக் கட்டணத்தையே நீக்கின என்பது உண்மை. அவை விதிவிலக்குகள், அவற்றை நம்பிச் சேமிப்பைக் கரைக்க முடியாது. கையில் ஒரு தொகைதான் இருக்கிறது என்றால் அதை இளநிலைக்குச் செலவிடாமல் மருத்துவப் படிப்புக்கு வைத்திருங்கள் என்பதே என் கருத்து. கடனில்லாமல் பட்டம் பெற்றவர், இடைவெளி ஆண்டில் குறைந்த சம்பளத்துக்கு ஆய்வகத்திலோ ஆம்புலன்ஸிலோ அச்சமின்றி வேலை பார்க்கலாம். அந்த அனுபவம் விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயரைவிட உரக்கப் பேசும்.

ஏற்கெனவே பெரிய கல்லூரியில் சேர்ந்து ஜி.பி.ஏ. 3.3-இல் நிற்கிறது. இனி என்ன செய்வது?

முதல் வேலை, அவசரப்பட்டு விண்ணப்பிக்காமல் இருப்பது. கடைசி இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் ஏறுமுகமாக இருந்தால் சேர்க்கைக் குழு அதைக் கவனிக்கும். பட்டத்துக்குப் பிந்தைய போஸ்ட்பாக் பாடங்களாலோ, மருத்துவக் கல்லூரிகளே நடத்தும் ஓராண்டு சிறப்பு முதுநிலைப் படிப்பாலோ திறனை நிரூபிக்கலாம். டி.ஓ. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி எண்கள் எம்.டி.யைவிடக் கீழே இருக்கும். படித்து வருபவர் மருத்துவம் பார்ப்பதற்கான உரிமத்தில் வேறுபாடு இல்லை. "டி.ஓ. என்றால் முழு டாக்டரா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். ஆம், முழு டாக்டர்தான்.

இந்தியாவில் பி.எஸ்சி. முடித்தவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் சேர முடியுமா? அங்குள்ள கல்லூரியின் பெயர் உதவுமா?

இங்கே மட்டும் கல்லூரி எந்த நாட்டில் இருக்கிறது என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. வெளிநாட்டில் படித்த பாடங்களுக்கு அம்காஸ் ஜி.பி.ஏ. கணக்கிடுவதில்லை, பெரும்பாலான எம்.டி. கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ குறிப்பிட்ட அளவு பாடங்களையாவது, பலவேளை முழுப் பட்டத்தையே, கேட்கின்றன. எனவே லயோலாவோ பிரசிடென்சியோ, சென்னையில் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் அந்தப் பட்டம் மட்டும் போதாது. கிரீன் கார்டு இல்லாத மாணவர் விசாக்காரர்களை ஏற்கும் மருத்துவக் கல்லூரிகளும் சிறுபான்மைதான். அவற்றுள் சில முழுக் கட்டணத்துக்கான பணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லும். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு வழி வேறு: அவர் இங்கே மீண்டும் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டியதில்லை, யு.எஸ்.எம்.எல்.இ. என்ற மருத்துவ உரிமத் தேர்வுகளை எழுதி, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்று பெற்று, நேரே ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.